தூது போனவன் கடைந்த கிண்ணம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், என் இடது கட்டைவிரல் நகம் ஒன்றைத் தவிர. அதன் கதை கீழே வருகிறது. உன் அம்மா முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருக்கிறாள். வலி நின்றுவிட்டதா, பேச்சு மட்டும் நின்றிருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். போனை எடுத்தால் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பக்கத்து அறையிலிருந்து பதில் சொல்லிவிடுகிறாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நீ என்னிடம் ஒப்படைத்த காரியத்துக்கு வருகிறேன். அங்கே உன் வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி இங்கே திரும்புவதாக இல்லை. மருமகள் மரம் கடையும் கடைசல் எந்திரத்தை விற்றுவிட்டு, பட்டறையைக் காலி செய்துவிட்டு உன்னிடம் வந்துவிட வேண்டும். ஒன்பதாவது மாடியில் இரண்டு அறை வீடு, அங்கே எந்திரத்துக்கு இடமில்லை. இதை நீ சொன்னால் சண்டையாகிவிடும், அப்பா பக்குவமாகச் சொன்னால் கேட்பாள். இவ்வளவுதானே? எல்லாம் புரிந்தது. இரண்டு வருஷமாக அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுகிறேன், உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலியாகத் தெரிகிறது என்று நீ சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. அதற்காகவே ஒத்துக்கொண்டேன்.

மறுநாளே போனேன். நம் டிரைவிங் ஸ்கூல் கார் நின்ற கொட்டகைதான் அவள் பட்டறை. தரையில் பழைய ஆயில் கறை அப்படியே இருக்கிறது. அதன்மேல் கணுக்கால் உயரத்துக்கு மரச்சீவல். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போது அவளிடம் யாரும் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம்; கவனம் சிதறினால் உளி தூக்கி அடித்துவிடும். கதவருகே ரொம்ப நேரம் நின்றேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் அவள் எந்திரத்தை நிறுத்தி, முகக் கவசத்தை மேலே தூக்கி, "என்ன மாமா, ஏதாவது வேணுமா?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, இதை எப்படிப் பண்றேன்னு பார்க்கலாம்னு வந்தேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஒத்திகையில் இந்த வசனமே கிடையாது.

"பார்த்தா ஒண்ணும் தெரியாது மாமா, இங்க வந்து நில்லுங்க" என்று என்னை எந்திரத்தின் முன்னால் நிறுத்திவிட்டாள். சட்டைக் கையை முழங்கை வரை மடிக்கச் சொன்னாள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். கனமான ஒரு கட்டையை எந்திரத்தில் பூட்டி, முதலில் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி எங்கேயும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்று சுவிட்சைப் போட்டாள். வண்டியை எடுப்பதற்கு முன்னால் கண்ணாடியைப் பார், சீட்டைச் சரி பண்ணு என்று நான் உயிரை விட்டுக் கத்துவேனே, அதே ஒழுங்கு. எனக்குப் பிடித்துப்போயிற்று.

முப்பது வருஷத்துக்கு மேல் ஊராருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். இப்போது சுவிட்ச் அவள் கைப்பக்கம், உளி என் கையில். உளியின் முதுகு முதலில் மரத்தில் படிய வேண்டுமாம். படிந்து, மரம் சுற்றுவது கைக்குத் தெரிந்த பிறகு கைப்பிடியை மெதுவாக உயர்த்தினால், உளியின் வாய் தானாக வெட்டத் தொடங்குமாம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, எடுத்த எடுப்பிலேயே உளியின் வாயை வைத்தேன். டமார் என்று ஒரு சத்தம். உளி எகிறி, அது சாய்ந்திருந்த இரும்பில் என் விரலை நசுக்கிவிட்டது. நான் கண் சிமிட்டுவதற்குள் அவள் எந்திரத்தை நிறுத்தியிருந்தாள். "பரவாயில்லை மாமா, முதல்ல எல்லாருக்கும் இப்படித்தான்" என்றாள். கிளட்சை விட்டுச் சுவரில் மோதியவர்களிடம் நான் காலமெல்லாம் சொன்ன அதே வார்த்தை. கேட்கிறவனுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆகவே, பேசவில்லை. நகத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பேசியிருக்கலாம். அடிபட்டவன் அறிவுரை சொன்னால் எடுபடாது என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் நிச்சயம் பேசுகிறேன். உன் அம்மாவிடம் இந்த விஷயத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. ஆனால் அவள் என் சட்டையிலிருந்து சீவலை உதறிக்கொண்டே, "போன காரியம் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா


அன்பு மகனே,

உன் கடிதம் கிடைத்தது. பாதிக் கடிதம் 'பேசியாச்சா, பேசியாச்சா' என்றுதான் இருக்கிறது. இன்னும் பேசவில்லை. கோபப்படாமல் மேலே படி.

இப்போது பெரும்பாலான மாலைகளில் பட்டறைக்குப் போய்விடுகிறேன். பழைய கோட்டு ஒன்றை எனக்கென்று ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கிக் கடைய வேண்டும். உள்பக்கத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. மாற்றிப் போனால் மரம் பிய்ந்து வரும். இது ஒருவழிப் பாதை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன். உளி சரியாகப் படிந்துவிட்டால் சீவல் நீளமாகச் சுருண்டு தோளைத் தாண்டிப் போகிறது. அந்த நேரத்தில் வயசு, முதுகு வலி, நீ கொடுத்த காரியம் எதுவும் ஞாபகத்தில் இருப்பதில்லை.

முதல் கிண்ணம் அடி ஓட்டை. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திக் குச்சி விட்டு அளக்கச் சொல்லியிருந்தாள். இந்தக் கண்ணுக்குத் தெரியாத அளவா என்று நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று நடுவில் எந்திரத்தின் இரும்பு தெரிந்தது. உன் அம்மா அதை வாங்கித் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, எண்ணெய் ஊற்ற நல்ல புனல் என்றாள். நம்மிடம் வண்டி பழகிய பேங்க் அம்மா அந்தப் பக்கமாக வந்தவர், நான் தலையெல்லாம் மரத்தூளோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "சார், இப்ப நீங்க எல் போர்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான்கு தடவை டெஸ்டில் தோற்றவர், அவருக்கு இந்த வாய்.

இரண்டாவது கிண்ணம் கிண்ணமாகவே வந்தது. அதற்கு மெருகு ஏற்றுவதுதான் கடைவதைவிடப் பெரிய பாடு. சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி, படிப்படியாக நைசான தாளுக்கு வர வேண்டும். நான் நடுவில் ஒரு தாளைத் தாண்டிவிட்டேன். கையால் தடவினால் வழவழவென்றுதான் இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று எண்ணெய்த் துணியை வைத்தேன். வைத்ததுதான் தாமதம், அத்தனை கீறலும் வட்டம் வட்டமாக எழுந்து நின்றது. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தத் தாளை விட்டீங்க மாமா?" என்றாள். இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் மறைந்துவிடாதா என்று கேட்டேன். சிரித்தாள் பார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது. சிரித்து முடித்ததும் எண்ணெய் காயட்டும், முதல் தாளிலிருந்து மறுபடி தேயுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணுகிறாய். சாப்பிட்டியா, தூங்கினியா, இருமல் போச்சா என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்கிறீர்கள். வைத்ததும் அவள் நேராகப் பட்டறைக்குப் போய் உளிகளைத் தீட்டுகிறாள். முந்தின நாள் தீட்டிய உளிகள்தான். அங்கிருந்து உனக்கு இது தெரிய வழியில்லை, அதனால் எழுதுகிறேன்.

எந்திரத்தை வாங்க ஆள் பார்த்துவிட்டேன், மாதக் கடைசியில் வந்து பார்ப்பார் என்று எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்காமல் செய்தது போகட்டும். அவளையும் கேட்கவில்லை. இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சுவர் அலமாரி முழுக்கக் காகிதப் பைகள் அடுக்கியிருக்கின்றன. பச்சை மரத்தில் கிண்ணத்தைத் தடிமனாகக் கடைந்து, அதன் சீவலோடு சேர்த்தே பையில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். மெல்ல மெல்ல ஈரம் வெளியேறும். அப்போது கிண்ணம் கொஞ்சம் கோணிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடியும் எந்திரத்தில் ஏற்றி, கோணலை எடுத்து, மெல்லிசாகக் கடைந்து முடிப்பாள். எல்லாம் கடைக்காரர்கள் சொல்லி வைத்தவை. எவ்வளவு நாள் ஆகும் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "இன்னும் நாலு மாசமாவது ஆகும் மாமா. அதுங்களை அவசரப்படுத்த முடியாது" என்றாள்.

மாதக் கடைசிக்கும் நாலு மாதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். இவை காய்ந்து முடிந்துவிட்டால் அவள் கையில் வேலை பாக்கி இருக்காது, நானும் பேச்சை எடுக்கலாம். ஏதாவது வழி பண்ணுகிறேன். நீ அதற்குள் இன்னொரு ஆளை அனுப்பிவைக்காதே.

குளிரில் தலைக்கு எதையாவது கட்டிக்கொண்டு வெளியே போ. அம்மா விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா


என் அருமை மகனுக்கு,

யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தை அவசரத்தில் படிக்காதே.

வழி பண்ணுகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அந்த வழியைக் கேள். வியாழக்கிழமை காலையில் மருமகள் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கப் போயிருந்தாள். அன்று சாயங்காலம் வருவதாக உன் ஆள் எனக்குப் போன் பண்ணியிருந்தார். வெயில் சுளீரென்று அடித்தது. துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் காய்கிறதே, கிண்ணம் காயாதா, நாலு மாதம் எதற்கு என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. அலமாரியின் கீழ்த்தட்டுப் பைகளையெல்லாம் பிரித்து, கிண்ணங்களை மொட்டை மாடியில் வரிசையாக வைத்தேன். உன் அம்மா படிக்கட்டில் நின்று, "அவகிட்ட கேட்டீங்களா?" என்றாள். அவள் வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்றேன். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். மாடியில் யாரோ சுள்ளி ஒடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. காக்கை என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன்.

மருமகள் வந்து மேலே போனபோது பாதிக்கு மேல் வெடித்திருந்தன. விளிம்பிலிருந்து அடிவரை வாய் பிளந்து கிடந்தன. பச்சை மரத்தை வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், மரம் தாங்காது. இது எனக்கு அப்புறம் தெரிந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, பிளவில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். தப்பித்தவற்றை ஈரத்துணியில் சுற்றி நிழலுக்குக் கொண்டு போனாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ஏன் மாமா?" என்றாள், அவ்வளவுதான். அதற்குமேல் என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நீ சொன்னது, நான் ஒத்துக்கொண்டது, சாயங்காலம் ஆள் வரப்போவது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் மாமா. வேடிக்கை பார்க்க வந்தவங்க யாராவது கதவுகிட்ட நின்னு அவ்வளவு நேரம் தொண்டையைக் கனைப்பாங்களா?" என்றாள். தெரிந்துமா எனக்குக் கற்றுக்கொடுத்தாய் என்று கேட்டேன். "சொல்ல வந்ததைச் சொல்லாம நீங்க பாட்டுக்குக் கடைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அது ஆறுதலா இருந்துச்சு" என்றாள். பிறகு, ஆள் வருவது மட்டும் தெரியாது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

உன் ஆள் சொன்ன நேரத்துக்கு அளவு நாடாவோடு வந்து நின்றார். மருமகளே பட்டறையைத் திறந்துவிட்டாள். எந்திரத்தை ஓட்டிக் காட்டினாள். எந்த வேகத்தில் லேசாக அதிரும் என்பதைக்கூட மறைக்காமல் சொன்னாள். அவர் நீளம், அகலம் எல்லாம் அளந்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எல்லாம் சொல்லிட்டார். திங்கக்கிழமை வண்டி கொண்டாந்து எடுத்துக்கட்டுங்களா?" என்றார். அவள் எந்திரத்தின்மேல் கிடந்த சீவலைக் கையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். ஒதுக்க அங்கே சீவல் இல்லாமல் போன பிறகும் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இது விக்கிறதுக்கு இல்லைங்க" என்றேன். உங்கள் பிள்ளைதானே வரச் சொன்னார் என்றார். "பிள்ளை என்னோடது. எந்திரம் இவளோடது" என்றேன். வெகு தூரத்திலிருந்து வந்த மனிதர், முணுமுணுத்தார். டீ கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தோம். விற்பதற்கில்லை என்று சொன்னது நான். கோபப்பட வேண்டுமானால் என்மேல் படு. அவள் அந்த மனிதர் முன்னால் உன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

அவர் போன பிறகு பட்டறைப் பக்கம் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளே கூப்பிட்டாள், நேற்றுத் தேய்த்து வைத்த கிண்ணத்துக்கு எண்ணெய் போட வேண்டாமா என்று. இந்தத் தடவை ஒரு தாளையும் நான் விடவில்லை. எண்ணெய் பட்டதும் கீறல் எதுவும் எழவில்லை. மரத்தின் வரிகள்தான் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. அதை வாங்கிக் கையில் திருப்பிக்கொண்டிருந்தவள், திடீரென்று, "அவர் தெருவுல என்ன மரம் மாமா நிக்குது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. மருமகள் சொன்னாள்: "ரெண்டு வருஷமா அந்தத் தெருவுல நடக்கிறாரு. ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்கணும்னு நினைப்பேன். நான் அந்தப் பேச்சை எடுத்து, எந்திரத்தை வித்துடுன்னு அவர் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். இருமல் போச்சான்னு கேட்டுட்டு வச்சிடுவேன்." சொல்லிவிட்டு, அடியில் எண்ணெய் சரியாகப் படவில்லை என்று கிண்ணத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மகனே, வர மனசில்லாதவள் உன் தெருவில் நிற்கும் மரத்தைப் பற்றி எதற்குக் கேட்கப் போகிறாள்? அங்கே வந்து எதைக் கடைவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். இங்கே எதை விற்பது என்று நீ யோசித்துக்கொண்டிருக்கிறாய். ஒன்பதாவது மாடியில் எந்திரம் வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய ஊரில் ஒரு கொட்டகைகூடவா வாடகைக்குக் கிடைக்காது? தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையும் அவளிடமே சொல். அதற்கப்புறம் அவள் அங்கே வருவதா, நீ இங்கே வருவதா என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசுங்கள். அதில் எனக்கு வேலை இல்லை.

உன் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இரண்டு பேருமே தங்கமானவர்கள். ஒருவர் மனம் ஒருவரால் நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, நலம் விசாரித்துக்கொண்டே பிரிந்துபோய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. சண்டை வந்தால் வரட்டும். வந்தாலும் அது உங்கள் சண்டையாக இருக்கட்டும்.

இனி என்னைத் தூது அனுப்பாதே. இதைப் படித்து முடித்ததும் கீழே இறங்கித் தெருவுக்குப் போ. என்ன மரம் நிற்கிறது என்று நின்று பார். பேர் தெரியாவிட்டால் போகிறவர் வருகிறவரைக் கேள். அவர்களுக்கும் தெரியாவிட்டால், இலை எப்படி இருக்கிறது, பட்டை எப்படி இருக்கிறது, காற்றில் முறிந்த கிளை கிடந்தால் அதன் உள்ளே என்ன நிறம் என்று பார்த்து எழுது. எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும். அவளும் நன்றாக இருக்க வேண்டும். கடைசிவரை உங்கள் இருவருக்கும் என்னை அப்பாவாகவே வைத்திருங்கள்.

என்றும் அன்புடன்,
அப்பா